ஹோம் தியேட்டருக்கு ஃபேன் இல்லாத மினி கம்ப்யூட்டர்: முதலில் சூட்டைப் பாருங்கள்

படத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வந்த விஷயத்தை யார் முதலில் எடுப்பது என்று தெரியாமல் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னணி இசை நின்று, ஒரு சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. சரியாக அந்த இடத்தில் டிவிக்குக் கீழே இருந்த என் பழைய மினி கம்ப்யூட்டரின் ஃபேன் 'உய்ய்ய்' என்று கிளம்பியது. பத்து நொடி சுழன்றது, அடங்கியது, மூச்சு விடுவதற்குள் மறுபடி கிளம்பியது. படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டேன். டிவி இருக்கும் அறையில் இனி ஃபேன் வைத்த கம்ப்யூட்டர் கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எத்தனை டெசிபல் என்பது மட்டுமே இதில் கணக்கு இல்லை. ஒரே சீராக இரைவதைக் காது கொஞ்ச நேரத்தில் ஒதுக்கிவிடும். ஏறி இறங்குவதை ஒதுக்கவே ஒதுக்காது. மினி கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபேன் நாலைந்து சென்டிமீட்டர் அகலம்தான். அவ்வளவு சின்ன ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வேண்டுமானால் வெகு வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் சத்தம் கீச்சென்று மேலே போகும். பெரிய டவர் கம்ப்யூட்டரின் 12 சென்டிமீட்டர் ஃபேன் மெதுவாக முனகுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதை முடியாது. அப்புறம் தூசி. ஒரு வருடம் போனால் ஃபேன் இறக்கைகளில் பஞ்சு மாதிரி படிந்து சத்தம் இன்னும் கூடுகிறது.

சரி, ஃபேன் இல்லாததை வாங்கினால் போயிற்று என்று நினைத்தேன். அது பாதி சரி. இரண்டு பெட்டி வாங்கி, ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, இன்னொன்றைத் திறந்து பார்த்த பிறகுதான் மீதிப் பாதி புரிந்தது: ஃபேனை எடுத்துவிட்டால் சத்தம் போய்விடும், சூடு போகாது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்ற மூன்றையும் பார்க்காமல் வாங்கினால் படம் ஓடாது.

முதல் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். லேப்டாப்பில் போடும் இன்டெல் ஐ7, 8ஆம் தலைமுறை, 15 வாட் சிப். மேலே விலா எலும்பு மாதிரி அலுமினியத் தகடுகள், கையில் எடுத்தால் செங்கல் கனம். "இவ்வளவு பலமான சிப், இவ்வளவு இரும்பான பெட்டி, படம் போடுவதற்கு இது போதாதா" என்றுதான் யாருக்கும் தோன்றும். முதல் நாள் அரை மணி நேரம் ஒரு படம் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் ஒரு 4கே ஆவணப்படம், நொடிக்கு 60 ஃபிரேம், ஏவி1 ஃபைல். நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை. அதற்கு மேல், பறவை ஒன்று திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பறக்கிற நீளமான ஷாட், அந்தப் பறவை தத்தித் தத்திப் போக ஆரம்பித்தது. எழுந்து போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். ஏவி1 என்ற வீடியோ சுருக்க வடிவம் 2018இல் வந்தது. இன்டெல் சிப்புகளில் அதை விரிப்பதற்கென்று தனிச் சுற்று 2020இல் 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. என் 8ஆம் தலைமுறை சிப்பில் அது இல்லை. அதனால் சிபியூவே உட்கார்ந்து ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்குப் போட்டு விரித்தது. நான்கு கோர்களும் முழு மூச்சில் ஓடின, 15 வாட்டும் சூடாக மாறியது. கனமான பெட்டி முதல் நாற்பது நிமிடம் அந்தச் சூட்டைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி வாங்கி வைத்துக்கொண்டது. தொட்டி நிறைந்தது. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. படம் தத்தியது.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொண்டேன். ஒன்று, ஃபேன் இல்லாத பெட்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமே இல்லை. பத்து நிமிடத்தில் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான். குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட வேண்டும், அதுவும் உங்களிடம் இருக்கிற ஃபைல்களிலேயே மிகக் கனமானதை வைத்து. இரண்டு, படம் பார்க்க சிப்பின் பலம் முக்கியம் இல்லை, அதற்குள் இருக்கும் வீடியோ டிகோடர்தான் முக்கியம். டிகோடர் என்பது ஒரே வேலைக்கென்று செதுக்கிய சின்னச் சுற்று. அந்த ஒரு வேலையை அது சொற்ப மின்சாரத்தில் முடித்துவிடும். அதே வேலையை சிபியூவிடம் கொடுத்தால் பல மடங்கு மின்சாரம் தின்னும், தின்றதெல்லாம் சூடாகத்தான் வரும். ஆக, சத்தமில்லாத கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுப்பது என்றால் நீங்கள் பார்க்கும் ஃபைல்களுக்குப் பொருத்தமான டிகோடரைத் தேர்ந்தெடுப்பது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துதான் வரும்.

எனவே கடைக்குப் போகும் முன், உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து என்னென்ன வகை ஃபைல் இருக்கிறது என்று பாருங்கள். பழைய படங்கள் பெரும்பாலும் எச்.264 ஆக இருக்கும். அதை இன்று விற்கும் எந்தப் பெட்டியும் ஓட்டும். 4கே புளூரே டிஸ்க்குகள் எச்இவிசி, அதிலும் 10 பிட். இன்டெலில் 7ஆம் தலைமுறையிலிருந்து இதற்கு முழு டிகோடர் உண்டு. யூடியூபின் 4கே விபி9இலும் ஏவி1இலும் வருகிறது. அனிமே பார்ப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: பழைய அனிமே ஃபைல்கள் பல 10 பிட் எச்.264 என்ற விசித்திரமான வகை, அதற்குப் பெரும்பாலான சிப்புகளில் டிகோடர் கிடையாது, சிபியூதான் செய்ய வேண்டும். நல்ல வேளை, அவை 1080க்கு மேல் போவது அபூர்வம், இன்றைய சின்ன சிப்பே சமாளித்துவிடும்.

இப்போது சிப்புகள். 2023 ஜனவரியில் இன்டெல் என்100 என்று ஒரு சிப்பை விட்டது. நான்கு சின்ன கோர், 6 வாட். பேப்பரில் பார்த்தால் என் ஐ7க்குப் பக்கத்தில் நிற்கக்கூடத் தகுதியில்லாதது போலத் தெரியும். ஆனால் எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 எல்லாவற்றுக்கும் அதில் டிகோடர் இருக்கிறது. நான் இரண்டாவதாக வாங்கிய பெட்டியில் இருப்பது அதுதான். முதல் பெட்டியைத் திணறடித்த அதே பறவை ஃபைலை இதில் போட்டு, பக்கத்தில் சிபியூ அளவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் பறவை வழுக்கிக்கொண்டு பறந்தது. 2025இல் வந்த என்150 இதே சிப்பின் கொஞ்சம் வேகமான தம்பி. எது கிடைக்கிறதோ அதை எடுக்கலாம், படத்துக்கு வித்தியாசம் தெரியாது.

பெயரில் மட்டும் கவனம். என்95 என்று ஒன்று இருக்கிறது, எண் சிறியது என்பதால் இன்னும் குளிர்ச்சியானது என்று நினைத்துவிடாதீர்கள், அது 15 வாட். என்97 என்பது 12 வாட். எட்டு கோர் உள்ள என்305ம் 15 வாட். இவை கெட்ட சிப்புகள் என்று சொல்லவில்லை, ஃபேன் இல்லாத சின்னப் பெட்டிக்கு ஏற்றவை இல்லை என்கிறேன். இதற்கு முந்தைய என்5105, ஜே4125 இரண்டும் பழைய பெட்டிகளில் இன்னும் நிறையப் புழங்குகின்றன. எச்இவிசியும் விபி9உம் இவை நன்றாகவே ஓட்டும், ஏவி1 டிகோடர் இல்லை. உங்களிடம் இருப்பது முழுக்க டிஸ்க்கிலிருந்து எடுத்த படங்கள் என்றால், கைமாறி வரும் ஒரு ஜே4125 பெட்டியே போதும், புதிது வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

ராஸ்ப்பெர்ரி பையைப் பற்றியும் கேட்பார்கள். பை 4, பை 5 இரண்டிலும் 4கே எச்இவிசி டிகோடர் இருக்கிறது, உலோகக் கூட்டுக்குள் போட்டால் ஃபேன் இல்லாமலும் ஓடும். ஏவி1, விபி9 கிடையாது. பை 5இல் எச்.264 டிகோடரையும் எடுத்துவிட்டார்கள், சிபியூ அதைச் செய்துகொள்கிறது. சொந்த ஃபைல் மட்டும் பார்ப்பவருக்கு நல்ல தேர்வு. பிரவுசரில் 4கே யூடியூபும் வேண்டும் என்பவர் தள்ளி நிற்கலாம்.

சிப் சரியாக இருந்தாலும் இன்னொரு குழி இருக்கிறது. என்100இன் 6 வாட் என்பது இன்டெல் சொல்லும் கணக்கு. பெட்டி செய்பவர் அதைக் கூட்டி வைக்கலாம், பலர் கூட்டித்தான் வைக்கிறார்கள், சோதனைகளில் எண் பெரிதாக வர வேண்டும் என்பதற்காக. ஃபேன் உள்ள பெட்டியில் பரவாயில்லை. ஃபேன் இல்லாததில் அது தேவையில்லாத சூடு. பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) போனால் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு எண் இருக்கும், முதலாவது தொடர்ந்து இழுக்கலாம் என்கிற வாட், இரண்டாவது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எகிறலாம் என்கிற வாட். என்னுடையதில் பிஎல்1 15இல் இருந்தது, 8க்கு இறக்கினேன். படம் ஓடுவதில் ஒரு மாற்றமும் இல்லை. வாங்கும் முன், அந்தப் பெட்டியின் பயாஸில் இதை மாற்ற விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் பூட்டி வைத்திருப்பார்கள்.

இரண்டாவது பெட்டியைத் திறந்து பார்த்தேன் என்றேன் அல்லவா. அது இப்படி. என்100தான், 8 வாட்தான், ஆனால் சிப்பின் சூடு 90ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. அதே நேரம் பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. ஃபேன் இல்லாத பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்றால் வெளியே சூடாகத்தான் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் சூடு வெளிக்கூட்டுக்கு வருகிறது என்று அர்த்தம். உள்ளே கொதித்து வெளியே குளிர்ந்திருந்தால் நடுவில் எங்கோ வழி அடைத்திருக்கிறது. அடியில் இருந்த நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். சிப்புக்கும் மேல்மூடிக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு தெர்மல் பேட், சூட்டைக் கடத்துவதற்கு. அதன் ஒரு முகத்தில், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் மினுங்குகிற மாதிரி, உரித்தெடுக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. செய்த இடத்தில் உரிக்க மறந்திருக்கிறார்கள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன், மூடியைப் போட்டு ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக ஒவ்வொரு சுற்றாக இறுக்கினேன். அன்று இரவு அதே படம், சிப் 64 டிகிரி, பெட்டியின் மேல்பக்கம் இதமான சூடு.

ஒரு மெல்லிய தாள் அவ்வளவு செய்யுமா என்றால், செய்யும். அலுமினியம் சூட்டைக் கடத்தும் திறன் ஏறக்குறைய 237 என்றால், அதே அளவையில் காற்றினுடையது 0.026. உலோகம் உலோகத்தோடு ஒட்டாமல் நடுவில் மயிரிழை இடைவெளி விட்டாலும், பிளாஸ்டிக் வந்தாலும், அங்கே சூடு தேங்கிவிடுகிறது. இதனால்தான் பெட்டியைப் பார்க்கும்போது அழகைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். கூடு முழுக்க உலோகமா, அந்தக் கூடே சிப்போடு இணைந்த ஹீட் சிங்க்காக, அதாவது சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகமாக, வேலை செய்கிறதா, இல்லை உள்ளே ஒரு சின்ன ஹீட் சிங்க்கை வைத்து மேலே பிளாஸ்டிக் சட்டை போட்டிருக்கிறார்களா. இரண்டாவது வகை என்றால் விட்டுவிடுங்கள்.

தயாராகக் கிடைப்பதில் சோடாக்கின் ஸீபாக்ஸ் சி வரிசையும் மீலேயின் குயெட்டர் வரிசையும் ஃபேன் இல்லாதவையாகவே வடிவமைத்தவை. முன்னது பருத்த பெட்டி, பின்னது சட்டைப்பையில் அடங்குகிற அளவு. சட்டைப்பை அளவுக்கு ஒரு விலை உண்டு, உலோகம் குறைவு, சீக்கிரம் சூடேறும். படம் மட்டும் என்றால் அது பிரச்சினையே இல்லை, கூடவே வேறு வேலையும் வாங்கப் போகிறீர்கள் என்றால் பருத்ததை எடுங்கள். சொந்தமாகக் கட்ட ஆசை இருப்பவர்களுக்கு அகாசா, ஸ்ட்ரீக்காம், எச்டிபிளெக்ஸ் கூடுகள் இருக்கின்றன. ஏற்கெனவே இன்டெல் நக் (NUC) மினி கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அதன் போர்டை மட்டும் எடுத்து அகாசாவின் ஃபேனில்லாக் கூட்டில் மாற்றிக்கொள்ளலாம், ஒரு மாலை வேலை. நக்கை இன்டெல் 2023இல் கைவிட்டு ஏசூஸிடம் கொடுத்துவிட்டது என்பதால், உங்களிடம் இருக்கும் போர்டுக்கு எந்தக் கூடு பொருந்தும் என்று மாடல் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

எங்கே வைக்கிறோம் என்பதும் பெட்டியில் பாதி. ஃபேன் இல்லாததற்குக் காற்றுதான் ஃபேன்: சூடான காற்று தானாக மேலே போகும், கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். தகடுகள் நெட்டாக நின்றால் அந்த ஓட்டத்துக்கு வழி கிடைக்கும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் ஓட்டம் நின்றது. ஆம்ப்ளிஃபையர் மேலே வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அதன் சூடு நேராக இதன் வயிற்றில் ஏறும். டிவிக்குப் பின்னால் மாட்டுவது பார்க்க அழகு, ஆனால் சுவரோடு ஒட்டிய டிவி என்றால் அங்கே காற்றே இருக்காது. ஒரு கை அகலம் நான்கு பக்கமும் விடுங்கள், மேலே அதைவிடக் கூட விடுங்கள். இது வெறும் வேகத்துக்காகச் சொல்வது இல்லை. போர்டிலும் அடாப்டரிலும் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர்களின் ஆயுள், 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது மின்னணு வேலை செய்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு.

இவ்வளவு செய்தும் அறை முழு அமைதியாகிவிடாது. ஃபேன் போனதும் அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த சத்தங்கள் வெளியே வரும். முதலாவது ஹார்ட் டிஸ்க், அதன் கிர்ர் சத்தமும் தலை நகரும் டிக் டிக்கும். பெட்டிக்குள் எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள், படங்களை வேறு அறையில் இருக்கும் நாஸில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) வையுங்கள். எஸ்எஸ்டியிலும் வேகமான என்விஎம்இ தேவையே இல்லை, அதுவும் ஒரு அடுப்புதான். 4கே புளூரேயின் கனமான படமே நொடிக்கு நூற்றுச் சொச்சம் மெகாபிட்தான் கேட்கும், அதாவது 20 மெகாபைட்டுக்குள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 மெகாபைட் தரும். நெட்வொர்க்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: 100 மெகாபிட் போர்ட்டில் அந்தக் கனமான படங்கள் முட்டி நிற்கும். பல ஸ்மார்ட் டிவிகளில் இருப்பது இந்த 100 மெகாபிட் போர்ட்தான், தனிக் கம்ப்யூட்டர் வைக்க அதுவே ஒரு நல்ல காரணம். கிகாபிட் போர்ட், ஒரு நல்ல கேபிள், வேலை முடிந்தது.

இன்னொரு சத்தம் காயில் ஒயின். மின்சுற்றில் இருக்கும் சுருள்கள் வெகு நுணுக்கமாக அதிர்வதால் வரும் கொசு மாதிரியான 'ஈஈ'. என் பெட்டியில் நடு இரவில், மெனுவை மேலும் கீழும் நகர்த்தும்போது மட்டும் கேட்டது. பெட்டியில் காதை வைத்தேன், இல்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் சத்தம் அடாப்டரில். வேறு 12 வோல்ட் அடாப்டர், அதே முனை, அதே ஆம்பியர், மாற்றியதும் நின்றுவிட்டது. போர்டிலிருந்தே வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, திருப்பிக் கொடுங்கள். ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் தலைக்கு மேலே அதன் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே ஃபேன் இல்லாத பெட்டிக்காகக் கூடச் செலவழிப்பதில் பலன் குறைவு. முதலில் ப்ரொஜெக்டரின் சத்தத்துக்கு வழி பாருங்கள்.

படத்தின் தரத்துக்கு வருவோம், இங்கே ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், துல்லியமாகச் சொன்னால் பெரும்பாலும் 23.976. டிவியோ கம்ப்யூட்டரிடமிருந்து 60 வாங்கிக்கொண்டிருக்கும். 24ஐ 60க்குள் சமமாகப் பங்கு போட முடியாது, ஒரு ஃபிரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் அது ஒரு நடுக்கமாகத் தெரியும். படம் ஓட்டும் மென்பொருளான கோடியில் (Kodi) 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் படம் தொடங்கும்போது டிவியையே படத்தின் வேகத்துக்கு மாற்றிவிடும். சரியான 23.976 வருகிறதா என்றும் பாருங்கள். வெறும் 24.000 வந்தால் ஏறத்தாழ 42 நொடிக்கு ஒரு தரம் ஒரு ஃபிரேம் இடறும். ஒரு தரம் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அந்த இடறல் மட்டுமே தெரியும்.

எச்டிஎம்ஐ 2.0 போர்ட் இருக்க வேண்டும். 1.4 என்றால் 4கேயில் நொடிக்கு 30 ஃபிரேம்தான். 2.0இன் 18 கிகாபிட்டில் 24 ஃபிரேம் எச்டிஆர் (ஒளியும் நிறமும் கூடுதல் வீச்சில் வரும்) படம் ஒரு குறையும் இல்லாமல் போகும், 2.1க்காக அலைய வேண்டாம். ஒலிக்கு, ஆம்ப்ளிஃபையர் இருந்தால் கம்ப்யூட்டரை நேராக அதில் செருகி பாஸ்த்ரூ போடுங்கள், டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டியும் பிரிக்காமல் அப்படியே போய்ச் சேரும். டிவி வழியாக ஏஆர்சியில், அதாவது டிவியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஆம்ப்ளிஃபையருக்குத் திருப்பி அனுப்பும் வழியில், கொண்டுபோனால் ட்ரூஎச்டி போகாது, அதற்கு அதன் புதிய வடிவமான இஏஆர்சி வேண்டும். எச்டிஆரின் இன்னொரு வகையான டால்பி விஷனை மட்டும் கம்ப்யூட்டரில் எதிர்பார்க்காதீர்கள்; எச்டிஆர்10 ஒழுங்காக வரும்.

விண்டோஸா லிப்ரெஎலெக்கா? சொந்தப் படங்கள் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லிப்ரெஎலெக். கோடியை மட்டும் ஓட்டுவதற்கென்றே செதுக்கிய சின்ன லினக்ஸ், பின்னால் அப்டேட், வைரஸ் ஸ்கேன் என்று எதுவும் திடீரென்று கிளம்பாது. அதனால் சூடும் குறைவு, சிப் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஓடிடி ஆப்களில் 4கே வேண்டும் என்றால் லினக்ஸ் பிரவுசரில் கிடைக்காது, பதிப்புரிமைப் பூட்டு விடாது. விண்டோஸிலும் நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு எட்ஜ் பிரவுசரோ அவர்கள் ஆப்போ வேண்டும், டிவி உட்பட நடுவில் இருக்கும் எல்லாமும் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையைப் பேச வேண்டும். நீங்கள் பார்ப்பது ஓடிடி மட்டும் என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், இந்தப் பெட்டியே உங்களுக்குத் தேவையில்லை. டிவியில் செருகும் ஒரு ஸ்டிக் வாங்குங்கள், அதிலும் ஃபேன் கிடையாது.

ரிமோட்டில்தான் வீட்டில் மற்றவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா என்பது முடிவாகும். டிவி ரிமோட்டாலேயே ராஸ்ப்பெர்ரி பையை இயக்கலாம், எச்டிஎம்ஐ சிஇசி அதில் இருக்கிறது. இன்டெல் மினி கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. பல்ஸ்-எய்ட் அடாப்டர் போட்டு சிஇசியைச் சேர்க்கலாம், இல்லையென்றால் ஃபிளர்க் என்ற சின்ன யூஎஸ்பி துண்டைச் செருகி வீட்டில் சும்மா கிடக்கும் ஏதாவது ஒரு ரிமோட்டைப் பழக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், அம்மா ஒரே நாளில் பழகிவிட்டார். வயர்லெஸ் கீபோர்டு வைத்துக்கொள்பவர்கள் அதன் டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும், டாங்கிளும் அதே அலைவரிசை. சோஃபாவிலிருந்து அழுத்தும் எழுத்துகள் பாதி போய்ச் சேராது. யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள், அல்லது ஒரு நீட்டிப்பு கேபிளில் தள்ளி வையுங்கள்.

வாங்கி வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், ஒரு சோதனை. உங்கள் மிகக் கனமான ஃபைலைப் போட்டு, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, எங்கே நிரந்தரமாக வைக்கப் போகிறீர்களோ அங்கேயே மூன்று மணி நேரம் விடுங்கள். மேசை மேல் வைத்துச் சோதித்துவிட்டு அலமாரிக்குள் மாற்றினால் அது வேறு பெட்டி. கோடியின் பிளேயர் டீபக் தகவலைத் திறந்தால் விழுந்த ஃபிரேம் எத்தனை என்று திரையில் காட்டும், முதல் அரை மணியில் இருந்த எண்ணும் மூன்றாவது மணியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் வெளியே கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரிய வேண்டும், கையை எடுக்க வைக்கக் கூடாது. கடைசியாக எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டிவியை மியூட் செய்து ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். என் பெட்டியில் அப்போதுதான் முன்பக்கத்தில் இருந்த நீல எல்இடி எவ்வளவு கூசுகிறது என்று தெரிந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு சின்னத் துண்டு வெட்டி ஒட்டினேன்.